கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ரோடு சைக்கிள்: எந்தப் பாதை முதலில், எது கடைசியில்

கொடைக்கானலுக்கு ரோடு சைக்கிளோடு வருகிறவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். காலில் வலு இருக்கும், சைக்கிளும் நன்றாகவே இருக்கும். வரிசைதான் தப்பாக இருக்கும். வந்த முதல் நாளே, சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பி, ஊரிலிருந்து கீழே இறங்கும் ஏதாவது ஒரு சாலையில் ஜாலியாகப் போய்விடுவார்கள். திரும்பி ஏறும்போது வெயில், வண்டிக்கூட்டம், மதியத்துக்கு மேல் மேகம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

அதனால் இந்த வழிகாட்டியை நாட்களின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். ஏரிச் சுற்று, அப்சர்வேட்டரி (சூரிய ஆய்வகம்) ஏற்றம், தூண்பாறை வழியாகப் பெரிய சுற்று, கடைசியில் பூம்பாறையும் மன்னவனூரும். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவையான ஒன்றைக் கற்றுக்கொடுக்கும். நேரம் குறைவாக இருந்தால் கடைசியில் உள்ளதை விட்டுவிடுங்கள், முதலில் உள்ளதை விடாதீர்கள்.

1. நிலம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏரி ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல இருக்கிறது. மேற்கே அப்சர்வேட்டரி 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏரியிலிருந்து அங்கே போக 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அந்த விளிம்பைத் தாண்டினால் நிலம் மறுபடியும் இறங்குகிறது. பூம்பாறை சுமார் 1,920 மீட்டரில்தான் இருக்கிறது. கிழக்கே மட்டும் கிண்ணம் உடைந்திருக்கிறது. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் அந்தப் பக்கம் போய்த்தான் வெள்ளி அருவியாக விழுகிறது, வத்தலக்குண்டு சாலையும் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். மேற்கே போகும் எந்தப் பாதையிலும் முதலில் ஏற்றம். விளிம்பைத் தாண்டிப் போனால் திரும்பும்போதும் ஏற்றம். கிழக்கே பெருமாள்மலைப் பக்கமோ வடக்கே வில்பட்டி, பள்ளங்கிப் பக்கமோ போனால் போகும்போது இறக்கம் மட்டும்தான், கடன் முழுவதும் திரும்பும் வழியில். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டு திசைகளையும் முதல் நாளில் தவிர்ப்பது நல்லது. இறங்கும்போது உடம்பு எச்சரிக்கை தராது. நிறுத்தித் திரும்பும் வரை எவ்வளவு இறங்கிவிட்டோம் என்றே தெரியாது.

2. எந்த மாதம்

ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை சிறந்த காலம். சாலை காய்ந்திருக்கும், காலையில் மேகம் குறைவு. குளிர்தான் கடுமையாக இருக்கும். ஏப்ரல், மே சீசன். சைக்கிள் ஓட்ட முடியாது என்றில்லை, ஆனால் காலை எட்டரைக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. மண்சரிவும், சாலையில் ஒட்டிக்கிடக்கும் ஈர இலைகளும் மெல்லிய டயருக்கு ஆகாது. அந்த மாதங்களில் நான் யாரையும் வரச் சொல்வதில்லை.

சைக்கிளைக் காரில் ஏற்றி வருவதானால், 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். கிளம்புவதற்கு முன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். மலையடிவாரத்தில் காமக்காபட்டி சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு சிக்னல் தேடுவது வீண் தாமதம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. சைக்கிள் பாட்டில்களோடு வீட்டிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் பாட்டிலும் எடுத்து வாருங்கள். காலையில் அறையிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும், வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

3. சைக்கிளில் மாற்ற வேண்டியவை

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். மலையில் நடக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே சரிசெய்திருக்கக்கூடியவை.

கியர். சமவெளியில் ஓட்டுகிறவர்களின் சைக்கிளில் பின் கேசட்டின் (பின்சக்கரத்திலுள்ள பல்சக்கரத் தொகுதி) பெரிய பல்சக்கரம் 25 அல்லது 28 பல்லோடு நிற்கும். மலைக்கு 32 அல்லது 34 வேண்டும், முன்னால் சிறிய சக்கரம் 34. ஒரு கணக்குப் பார்க்கலாம். முன்னால் 34, பின்னால் 34 என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகம் வரும். முன்னால் 39, பின்னால் 25 வைத்துக்கொண்டு அதே வேகத்தில் ஏறினால் கால் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் எழுந்து நின்று அழுத்தும் மிதியாகிவிடும். முட்டி அதை ஒரு நாள் தாங்கும், இரண்டாம் நாள் காட்டிக்கொடுத்துவிடும்.

கேசட்டைப் பெரிதாக்கும்போது பின் டிரெயிலியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) அதற்கு இடம்கொடுக்குமா, செயின் நீளம் போதுமா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றியதும் ஒரு வாரமாவது ஊரில் ஓட்டிவிட்டு வாருங்கள். புதுக் கேசட்டோடு நேராக மலைக்கு வந்து, முதல் ஏற்றத்திலேயே செயின் ஸ்போக்குக்குள் விழுந்து திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக். கட்டைகள் பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரிம் பிரேக்காக (சக்கர விளிம்பைக் கட்டை பிடிக்கும் வகை) இருந்தால் கட்டையில் பதிந்திருக்கும் மணலையும் உலோகத் துகளையும் குத்தூசியால் கிளறி எடுங்கள். ரிம் ஈரமாக இருக்கும்போது முதல் சில சுற்று தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அதனால் ஈரச் சாலையில் வளைவுக்கு முன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே பிரேக்கைத் தொட வேண்டும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் அந்தச் சக்கரத்தை வீட்டில் விட்டுவிட்டு அலுமினியச் சக்கரத்தோடு வருவது பாதுகாப்பு. நீண்ட இறக்கத்தில் சேரும் வெப்பத்தைக் கார்பன் தாங்குவது சிரமம்.

டயர் 28 மில்லிமீட்டர், பிரேம் இடம்கொடுத்தால் 32. ஏரியைச் சுற்றியுள்ள சாலை சுமாராக நன்றாகவே இருக்கும். பூம்பாறைப் பக்கம் போனால் தார் பெயர்ந்த துண்டுகளும், மழைக்குப் பிறகு வளைவில் வந்து சேரும் ஜல்லியும் உண்டு.

உதிரிபாகம் எல்லாம் கையோடு இருக்க வேண்டும். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கை பம்ப், செயின் இணைப்பு, பிரேக் கட்டை ஒரு ஜோடி. ரோடு பைக் சாமான் மேலே கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் சாதாரணப் பம்ப் சேராது. அதற்கான சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் எந்த பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம்.

விளக்கு முன்னும் பின்னும் கட்டாயம். இருட்டுக்காக இல்லை, மேகத்துக்காக.

சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் நிறையக் கிடைக்கும். ஏரிச் சுற்றுக்கு அது போதும். எடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு அப்சர்வேட்டரி ஏற வேண்டாம். ஏறுவதுகூட முடிந்துவிடும், இறங்கும்போது அந்தப் பிரேக்கை நம்ப முடியாது.

4. வந்த அன்று ஓட்ட வேண்டாம்

2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. நடக்கும்போது தெரியாது. மிதித்து ஏறும்போது, ஊரில் சாதாரணமாக இருக்கும் வேகத்துக்கே இங்கே இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

வந்த அன்று சைக்கிளின் பாகங்களைப் பொருத்துங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள், ஏரிக்கரையில் நடந்துவிட்டு வாருங்கள். அது போதும். வழியில் வாந்தி, தலைசுற்றல் இருந்திருந்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிரில் தாகம் எடுக்காது, அதனால் பலர் காலையில் வறண்டுபோன உடம்போடுதான் கிளம்புகிறார்கள்.

5. முதல் காலை: ஏரிச் சுற்று

ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஏரி நட்சத்திரம்போல விரல் விரலாக நீண்டிருப்பதால் சாலை நேராகப் போகாது, வளைந்து வளைந்து போகும். ஏற்ற இறக்கம் மிகக் குறைவு.

ஏரி எப்போதும் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். நம் ஊரில் இடப்பக்கமாக ஓட்டுவதால் இப்படிப் போனால் கரையை ஒட்டியே போகலாம். விடுதி வாசல்களும் கிளைச் சாலைகளும் எதிர்ப் பக்கம் வரும். எதிர்த் திசையில் சுற்றினால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் பின்பக்கமாக வெளியே வரும் கார் உங்கள் மேலேயே வந்து நிற்கும். கூட்ட நாட்களில் போலீஸ் ஒருவழியாக மாற்றினால் அவர்கள் சொல்லும் திசைதான், அதில் பேச்சில்லை.

வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள். ஜனவரியில் சூரியன் தெரிய ஆறரை தாண்டிவிடும், மே மாதத்தில் ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம் இருக்கும். முதல் சுற்று மெதுவாக. குளிரில் விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது, அதனால் முழு விரல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். மூன்றாம் சுற்றில் அதே மூச்சோடு இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அடுத்த நாள் ஏற்றத்தில் எந்த மூச்சில் போக வேண்டும் என்பதை இந்தச் சுற்றுகள்தான் சொல்லும்.

படகுத்துறைப் பக்கம் மட்டும் கவனம். குதிரைகள் நிற்கும் இடம் அது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிள் குதிரைக்குப் பிடிக்காது. தூரத்திலிருந்தே மணி அடிக்காமல் குரல் கொடுங்கள், நன்றாக விலகிப் போங்கள். சாணமும் மண்ணும் சேர்ந்த இடத்தில் டயர் வழுக்கும், சாய்ந்து திரும்ப வேண்டாம்.

6. இரண்டாம் காலை: அப்சர்வேட்டரி ஏற்றமும், இறங்கக் கற்றுக்கொள்வதும்

ஏரியை ஒரு முறை சுற்றி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு அப்சர்வேட்டரி சாலையில் திரும்புங்கள். மேலே சுமார் 3 கிலோமீட்டர். 200 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்பதால் சராசரியாக நூற்றுக்கு ஆறு, ஏழு வரும். நடுநடுவே அதைவிடச் செங்குத்தான துண்டுகள் உண்டு.

சாலை ஏறத் தொடங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினால் செயின் கழன்று விழும். முதல் அரை கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக விடுங்கள். இங்கே வேகம் காட்டினால் மேலே ஏரிக்காட்சி முனையை எட்டுவதற்குள்ளேயே நின்றுவிட நேரும், அந்த உயரத்தில் ஒரு முறை மூச்சு வாங்கிவிட்டால் திரும்பச் சமநிலைக்கு வர நேரம் எடுக்கும். வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. பின்னால் வண்டி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் அகலமாகப் போகலாம்.

மேலே போனதும் நின்று, காற்றுத் தடுக்கும் சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். வியர்வையோடு இறங்கினால் ஐந்து நிமிடத்தில் உடம்பு நடுங்கும். நடுங்கும் கையால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது.

இப்போது இறக்கம். இன்றைய முக்கியமான பாடம் ஏற்றம் இல்லை, இதுதான். கை ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியில் இருக்கட்டும், அங்கிருந்துதான் முழுப் பலத்தோடு பிரேக் பிடிக்க முடியும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது அழுத்திப் பிடித்தால் டயர் வழுக்கிவிடும். வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்பெடல் தரையில் இடிக்கும். பார்வை வளைவு முடியும் இடத்தில். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறார்கள்.

பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே இறங்குவது பயத்தில் எல்லாரும் செய்வது. ரிம் சூடாகும், கையும் மரத்துப்போகும். பலமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். விடும் நேரத்தில்தான் ரிம் ஆறுகிறது.

இந்த ஏற்றத்தை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

7. மூன்றாம் காலை: பெரிய சுற்று

ஏரி, அப்சர்வேட்டரி, மோயர் முனை, பைன் காடு, குணா குகை, தூண்பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, கோல்ஃப் மைதானம், மறுபடி ஏரி. எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

இந்தத் திசையில்தான் போக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நேற்றே பழகிய ஏற்றம் முதலில் முடிந்துவிடுகிறது, அதுவும் குளிரிலும் காலிச் சாலையிலும். மேலே போனபிறகு சாலை சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களோடு போகும். சுற்றுலா வண்டிகள் எழுந்து வருவதற்குள் தூண்பாறையைத் தாண்டிவிடலாம். சீசனில் இங்கேயும் ஒருவழி உத்தரவு போடுவதுண்டு, முந்தைய நாளே விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

காட்சி முனைகள் இந்தத் திசையில் பெரும்பாலும் வலப்பக்கம் வரும். நிற்க நினைத்தால் இடது ஓரமாக இறங்கி, பார்த்து, தள்ளிக்கொண்டே சாலையைக் கடந்து செல்லுங்கள். நடுச்சாலையில் நின்றுகொண்டு வலது கையைக் காட்டினால் பின்னால் வரும் வேன்காரருக்கு நீங்கள் எதற்கு நிற்கிறீர்கள் என்று புரியாது.

தூண்பாறை, பைன் காட்டுப் பக்கம் குரங்குகள் உண்டு. சட்டைப்பையில் வாழைப்பழம் வெளியே தெரியக் கூடாது. சாப்பிடுவதை அதற்கு முன்பே, காலியான இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மலைவாழைப்பழமும் கடலைமிட்டாயும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். பசிக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் சாப்பிடுவது நல்லது, குளிர் பசியையும் மறைத்துவிடும்.

மோயர் முனையிலிருந்து பேரிஜம் ஏரிக்குப் போகும் சாலை பிரிகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. சாவடியில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். வட்டக்கானல் சாலையையும் ரோடு சைக்கிளுக்கு நான் சொல்வதில்லை. குறுகலும் செங்குத்தும் சேர்ந்த பாதை அது, எதிரே ஜீப் வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

8. நான்காம் காலை: பூம்பாறை, முடிந்தால் மன்னவனூர்

பூம்பாறை சுமார் 18 கிலோமீட்டர், மன்னவனூர் ஏறக்குறைய 35. போன வழியே திரும்ப வேண்டும். அப்சர்வேட்டரி ஏறி, விளிம்பைத் தாண்டி, மேற்கே காட்டுக்குள் இறங்கும் சாலை. பூம்பாறை வரும்போது விளிம்பிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். திரும்பும்போது அந்த 400 மீட்டர் அப்படியே காத்திருக்கும்.

பூம்பாறை மேட்டில், ஊரும் படிக்கட்டு வயல்களும் கீழே தெரியும் இடத்தில் நின்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மணி எட்டரைக்குள் இருக்கிறதா? தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கிறதா? மேற்கே வானம் தெளிவாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மன்னவனூர் போகலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் பூம்பாறையில் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். மன்னவனூர் போய்த் திரும்புவது மொத்தம் 70 கிலோமீட்டர், இடையிலும் ஏற்றம் உண்டு. சமவெளியில் நூறு கிலோமீட்டர் ஓட்டும் பழக்கம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். தனியாகப் போக வேண்டாம். போன் சிக்னல் நம்பிக்கையில்லை, வரைபடத்தை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

காலையில் இந்தச் சாலையில் பூண்டு, காரட், உருளைக்கிழங்கு ஏற்றிய பிக்கப் வண்டிகள் வேகமாக வரும். ஓட்டுகிறவர்களுக்கு வழி மனப்பாடம். வளைவில் ஹாரன் கேட்டால் இடது ஓரத்தை ஒட்டி நில்லுங்கள். மலையில் ஏறுகிறவருக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் அது சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் என்று எல்லாரும் நினைப்பதில்லை.

9. காட்டுமாடும் மேகமும்

காட்டெருமையை இங்கே காட்டுமாடு என்பார்கள். ஊருக்குள்ளும் ஏரிக்கரையிலும்கூட அந்தியிலும் விடியலிலும் நிற்கும். ஒன்று நின்றால் அருகே இன்னும் சில இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரமாக நழுவிப் போய்விடலாம் என்ற எண்ணமே வேண்டாம். நல்ல தூரத்தில் நின்று, இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். பின்னால் கார் வந்தால் அதை முன்னே விட்டு, அதன் மறைவில் கடப்பதுதான் ஊர்க்காரர்கள் செய்வது. இந்த ஒரு காரணத்துக்காகவே மாலை ஐந்துக்கு மேல் சைக்கிளை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

மேகம் இறங்கினால் சில நிமிடத்தில் பத்தடிக்கு மேல் தெரியாமல் போகும். விளக்கை எரியவிட்டு, இறக்கமாக இருந்தால் நின்றுவிடுங்கள். சாலையின் வெளிப்பக்கம் நிற்காமல், வளைவு இல்லாத இடத்தில் தாரை விட்டு இறங்கி நில்லுங்கள். பெரும்பாலும் விலகிவிடும். அரை மணியிலும் விலகவில்லை என்றால், தள்ளிக்கொண்டு நடந்து பக்கத்து டீக்கடைக்குப் போய்விடலாம்.

10. வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறி வருவது

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வத்தலக்குண்டிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏற்றம். மேலே சொன்ன நான்கு காலையையும் முடித்து, பூம்பாறையிலிருந்து ஏறி வரும்போது காலில் மிச்சம் இருந்தவர்கள் அடுத்த முறை முயலலாம். வார நாளில், அடிவாரத்தை விடியும்போதே தொட்டுவிட வேண்டும். கீழே வெயில் ஏறிவிட்டால் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே தண்ணீர் தீர்ந்துவிடும். ஊத்து, பெருமாள்மலை இரண்டிலும் கடைகள் உண்டு, பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

ஏறி வந்த அன்றே அதே சாலையில் சைக்கிளில் இறங்காதீர்கள். களைத்த கையும் சாயங்கால பஸ்களும் சேரும் நேரம் அது. சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்குங்கள், அல்லது ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் இறங்குங்கள்.